கப்பல் கணக்கும் திருமுழுக்கு ஏடும்

திறனாய்வு என்னும் பெயரில் நம்மிடையே வெளிவருவன பெரும்பாலும் புதினம், கவிதை, நாடகம் ஆகியவற்றைப் பற்றியனவே. ஓர் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு திறனாய முற்படுவோரை வாசகர் சற்று ஐயத்தோடுதான் நோக்குவர். ஆயினும் மத்தேயு நற்செய்தி ஓர் அட்டவணையோடுதான் தொடங்குகிறது. திருவருகைக் காலத்தில், டிசம்பர் 17ஆம் நாள், அத்தலைமுறைப் பட்டியல் திருப்பலியில் வாசிக்கப்படும்போது கண்ணயர்வோர் உண்டு. அதற்குள் தாமார், இராகாபு, ரூத்து ஆகியோர் எவ்வாறு நுழைந்தனர், நான்காவது பெண் மட்டும் ஏன் தன் பெயரால் குறிக்கப்படாமல் உரியாவின் மனைவி எனக் குறிக்கப்படுகிறாள் என்று வினவுவோர்க்கோ அதே பட்டியல் விழித்தெழுந்து பேசத் தொடங்கிவிடும். பட்டியலும் ஓர் எழுத்தாக்கமே. அதை ஆக்கியவர் உண்டு. எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்று அவர் முடிவு செய்திருக்கிறார். ஆகவே கணினியில் உருவான வரலாற்றுத் தரவுத்தளங்களையும் நூல்களாகவே கருதிப் படிக்கலாம் என்பது நம் துணிபு. அத்தகைய சிலவற்றை இங்கு எடுத்துக்கொள்வோம். அனைத்தும் அட்லாண்டிக் கடல் கடந்து நடந்த அடிமை வணிகத்தைப் பற்றியன. அவற்றுள் இரண்டு நம் திருச்சபையின் ஏடுகளிலிருந்து பிறந்தவை. எனவே இத்திறனாய்வு நமக்கு முற்றிலும் அயலார் செய்தி அன்று.

முதலாவது, அட்லாண்டிக் அடிமைக் கப்பல் பயணங்களின் தரவுத்தளம். ஆப்பிரிக்காவிலிருந்து எத்தனை பேர் கொண்டு செல்லப்பட்டனர் என்ற வினாவிற்கு நெடுங்காலம் ஊகமே விடையாக இருந்து வந்தது. 1969இல் பிலிப் கர்ட்டின் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர், அச்சில் கிடைத்த சான்றுகளை மட்டும் கொண்டு, அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தோர் ஏறத்தாழ 95 லட்சம் என்று கணக்கிட்டார். பிறகு துறைமுகங்களின் ஆவணக் காப்பகங்களைத் துருவி, ஒவ்வொரு கப்பல் பயணத்தையும் தனித்தனியே பதியும் பணியில் பலர் இறங்கினர். 1990இல் லண்டன் பொது ஆவணக் காப்பகத்தில் சந்தித்த டேவிட் எல்டிஸ், ஸ்டீபன் பெரெண்ட் ஆகியோரும், டேவிட் ரிச்சர்ட்சன், ஹெர்பர்ட் கிளைன் ஆகியோரும் அக்குவியல்களை ஒன்றிணைத்தனர். 1999இல் அது குறுந்தகடாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தால் வெளியிடப்பட்டது. அதில் இருந்தவை 27,233 பயணங்கள். 2008இல் இணையத்திற்கு வந்து எல்லோர்க்கும் இலவசமாயிற்று. இன்று 36,000க்கும் மேற்பட்ட பயணங்கள் அதில் உள்ளன.

அதன் மதிப்பீட்டின்படி 16ஆம் நூற்றாண்டு தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும் கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர். கரை சேர்ந்தோர் 1 கோடியே 7 லட்சம். இரண்டிற்கும் இடையே உள்ள 18 லட்சம் பேரின் கல்லறை கடலே. அமெரிக்க ஐக்கிய நாட்டின் நிலப்பரப்பிற்கு நேரே கொண்டு வரப்பட்டோர் நான்கு லட்சத்திற்கும் குறைவு என்பதையும், பிரேசிலில் இறக்கப்பட்டோர் 48 லட்சத்தையும் தாண்டுவர் என்பதையும் இத்தரவுத்தளம் ஐயத்திற்கு இடமின்றி நிறுவியது. ஆங்கிலத் திரைப்படங்களால் அடிமை முறையை அறிந்த நமக்கு இது ஓர் அதிர்ச்சியே. அம்மாபெரும் கொடுமையின் மிகப் பெரும் பகுதி, போர்ச்சுகல் கொடியின் கீழ், கத்தோலிக்க மன்னர்களின் ஆட்சியில், கத்தோலிக்க நாடு ஒன்றை நோக்கியே நிகழ்ந்தது.

இத்தளத்தில் கப்பலின் பெயரைக் கொண்டு தேடும் வசதி உண்டு. வாசகர் ஒருமுறை தேடிப் பார்க்கட்டும். அமலோற்பவ அன்னை, செபமாலை அன்னை, புனித அந்தோனியார் என்று போர்ச்சுகீசியக் கப்பல்களின் பெயர்கள் வரிசை வரிசையாக எழுந்து வரும். நம் வீட்டுச் சுவர்களில் மாலை சூடி இருக்கும் அதே பெயர்கள்! ஆங்கிலேயரும் பின்தங்கவில்லை. 1564இல் ஜான் ஹாக்கின்ஸ் அடிமைகளை ஏற்றிச் செல்ல எலிசபெத் அரசியிடமிருந்து பெற்ற கப்பலின் பெயர் 'லூபெக் நகர இயேசு'. இதைக் கூற எந்த ஆசிரியரும் அங்கு முன்னுரை எழுதவில்லை. கட்டங்கள் மட்டுமே உள்ளன. கட்டங்களே போதுமானவையாக உள்ளன. நல்ல தரவுத்தளம் ஒன்றின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி அதன் குறையைக் கூற வேண்டும். குறை என்பதைவிட, அதன் பார்வை என்பதே பொருந்தும். இத்தளத்தில் ஒரு வரி என்பது ஒரு பயணம். ஒரு மனிதர் அன்று. கப்பலின் பெயர், தலைவனின் பெயர், உரிமையாளரின் பெயர், புறப்பட்ட துறை, சேர்ந்த துறை ஆகிய அனைத்திற்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. சுமந்து செல்லப்பட்டோர்க்கு எண் மட்டுமே உண்டு. இதற்குத் தொகுத்தவர்களைக் குறை கூறிப் பயனில்லை. அவர்களுக்குக் கிடைத்த மூல ஏடுகள் வணிகர் எழுதியவை. வணிகர் பெயர் எழுதவில்லை, தலை எண்ணினர். எனினும் மூல ஏட்டின் கண்ணே கணினியின் கண்ணாகவும் அமைந்துவிடுகிறது என்பதை நாம் மறக்கலாகாது. ஜெசிகா மரீ ஜான்சன் என்னும் கறுப்பின வரலாற்றறிஞர் 2018இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த அபாயத்தையே சுட்டினார். வணிகனின் பேரேட்டைத் தரவாக மாற்றும்போது அவனுடைய எண்ணும் முறையையும் நாம் சேர்த்தே ஏற்றுக்கொள்ள நேரிடும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

சோங் என்னும் கப்பலை எண்ணிப் பார்ப்போம். 1781ஆம் ஆண்டின் இறுதியில், குடிநீர் போதாது என்று காரணம் கூறி, அக்கப்பலின் மாலுமிகள் 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் எறிந்தனர். உரிமையாளர்கள் அதற்குக் காப்பீட்டுத் தொகை கேட்டு 1783இல் லண்டன் நீதிமன்றம் ஏறினர். கொலை வழக்காக அது விசாரிக்கப்படவே இல்லை. சரக்கு இழப்பு வழக்காகவே விசாரிக்கப்பட்டது. தரவுத்தளத்தில் சோங்கும் ஒரு வரியே. காய்ச்சலால் மாண்டவரும் எறியப்பட்டு மாண்டவரும் 'பயணத்தில் இறந்தோர்' என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றனர். எண்ணில் பிழையில்லை. ஆனால் அந்த எண்ணை அறிந்த ஒருவர் சோங்கை அறிந்தவர் ஆகமாட்டார்.

இன்னொன்றையும் பயனர் கவனித்தல் நலம். இத்தளத்தில் சில எண்கள் ஆவணத்திலிருந்து நேரே எடுக்கப்பட்டவை. சில, ஆவணம் மௌனமாக இருக்கும் இடங்களில், ஒத்த பயணங்களைக் கொண்டு கணித்து நிரப்பப்பட்டவை. தொகுத்தோர் இவ்விரண்டையும் நேர்மையாகப் பிரித்தே வைத்திருக்கின்றனர். மேற்கோள் காட்டுவோர்தாம் பிரிப்பதில்லை. மேடைப் பேச்சாளர்கள் இதைச் சற்று மனத்தில் கொள்வார்களாக.

எண்ணுக்குப் பதிலாகப் பெயர் தேடுவோர்க்கும் அதே தளத்தில் ஒரு பகுதி உண்டு. 1808க்குப் பின் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்து, கடலில் அடிமைக் கப்பல்களை மறித்தது. விடுவிக்கப்பட்டோர் சியரா லியோனின் ஃப்ரீடவுனிலும் கியூபாவின் ஹவானாவிலும் இருந்த நீதிமன்றங்களின் முன் நிறுத்தப்பட்டுப் பதிவு செய்யப்பட்டனர். அவ்வாறு பதிவான 91,491 பேரின் விவரங்கள் அங்கு உள்ளன. ஆப்பிரிக்க மொழிப் பெயரை ஆங்கிலேய எழுத்தரும் ஸ்பானிய எழுத்தரும் தம் காதில் விழுந்தவாறே எழுதினர். எழுதியதை அப்பெயர்க்கு உரிய மொழியினர் இன்று உரக்கப் படித்துக் கேட்டால் அது எந்த மொழிப் பெயர் என்பது தெரியவரலாம் அல்லவா? அதற்காகப் பெயர்களை ஒலிப்பதிவு செய்து, பொதுமக்களின் உதவியை நாடினர். ஏட்டில் கண்ணுக்குப் புலப்படாதது செவிக்குப் புலப்படும் என்று எண்ணியவர் யாராயினும் அவர் நல்ல வாசகர்.

இரண்டாவது தரவுத்தளத்திற்கு வருவோம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜேன் லாண்டர்ஸ் என்னும் பேராசிரியர் 2003இல் தொடங்கிய பணி இது. கியூபா, பிரேசில், கொலம்பியா, ஃப்ளோரிடா ஆகிய இடங்களின் பழைய ஆலயங்களில் ஈரமும் பூச்சியும் தின்றுகொண்டிருந்த திருமுழுக்கு, திருமண, அடக்க ஏடுகளை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து, பல லட்சம் பக்கங்களை இணையத்தில் வைத்திருக்கின்றனர். 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் பங்குதோறும் திருமணப் பதிவேடும் திருமுழுக்குப் பெற்றோரின் பதிவும் இருக்க வேண்டும் என்று விதித்தது. ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் சென்ற இடமெல்லாம் அவ்விதியும் சென்றது. அடிமைகளுக்கும் திருமுழுக்கு உண்டு. ஆகவே அடிமைகளுக்கும் ஏடு உண்டு. வணிகன் தலை எண்ணிய அதே மனிதரைக் குருவானவர் பெயர் சொல்லி எழுதினார். நாள், பெயர், தாயின் பெயர், 'இனம்', உரிமையாளர், ஞானத்தந்தை, ஞானத்தாய், குருவின் கையொப்பம். இந்தக் கட்டங்கள் நமக்குப் பழக்கமானவை. திருமண ஓலை வாசிப்பதற்கு முன் பங்கு அலுவலகத்தில் நாம் கேட்டுப் பெறும் சான்றிதழும் அதே விதியின் வழித்தோன்றலே. ஒரே ஒரு கட்டம் மட்டும் நம்முடையதில் இல்லை: உரிமையாளர்.

இவ்வேடுகளைக் கண்டு நாம் பெருமிதம் கொள்ளலாமா? கொள்ளலாம், உடனே தலை குனியவும் வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பெயர் எழுதப்பட்டது உண்மை. ஆனால் எழுதப்பட்ட பெயர் மரியா, யுவான், யோசேபா என்பன. தாய் இட்ட பெயர் பெரும்பாலும் அங்கேயே மறைந்தது. திருமுழுக்கு எல்லோர்க்கும் ஒன்றே, ஏடு ஒன்றன்று. ஸ்பானியக் குடியேற்றங்களில் வெள்ளையர்க்கு ஓர் ஏடும், கறுப்பினத்தார்க்கும் கலப்பினத்தார்க்கும் வேறோர் ஏடும் வைத்தனர். 'இனம்' என்ற கட்டத்தில் காணும் சொற்களும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டியவை. 'மீனா' என்பது எல்மினாக் கோட்டையின் பெயரிலிருந்து வந்தது. 'கராபாலி' என்பது கலபார்த் துறையிலிருந்து வந்தது. அவர் பிறந்த ஊர் எதுவென ஏட்டுக்குத் தெரியாது. அவர் விற்கப்பட்ட துறையே அதற்குத் தெரியும். கணினியில் இச்சொல்லைத் தட்டித் தேடி, 'மீனா இனத்தார் இத்தனை பேர்' என்று ஆராய்ச்சியாளர் ஒருவர் அறிவிப்பாராயின், அது துறைமுகத்தை இனமாக்கிய வணிகனின் பிழையை மறுபதிப்புச் செய்வதே ஆகும்.

எனினும் இவ்வேடுகள் வேறெங்கும் காணாத ஒன்றைக் காட்டுகின்றன. யார் யாருக்கு ஞானப்பெற்றோராக நின்றனர் என்ற செய்தியே அது. உரிமையாளர் ஒருவரும் அதைக் கட்டளையிட்டு முடித்துவிட இயலாது. அடிமைகள் தம் குழந்தைக்கு யாரைத் தேர்ந்தனர், ஒரே மொழியினரையா, விடுதலை பெற்றவரையா என்பதை நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பொருத்திப் பார்த்தால்தான் அறிய முடியும். அதைத் தனியொருவர் கண்ணால் செய்ய ஓர் ஆயுள் வேண்டும். கணினி இங்குதான் தன் பணியைச் செய்கிறது.

ஃப்ளோரிடாவின் புனித அகுஸ்தீன் நகர ஏடுகள் 1594இல் தொடங்குகின்றன. 1763இல் ஸ்பெயின் அந்நிலத்தை ஆங்கிலேயர்க்குக் கொடுத்தபோது அவ்வேடுகளும் மக்களோடு கியூபாவுக்குக் கப்பலேறின; 1906இல்தான் திரும்பின. ஆங்கிலேயரின் கரோலினாத் தோட்டங்களிலிருந்து தப்பி வருவோர் கத்தோலிக்க மறையை ஏற்றால் விடுதலை பெறுவர் என்று ஸ்பெயின் மன்னர் 1693இல் ஆணையிட்டிருந்தார். அவ்வாறு வந்தோர் 1738இல் நகரின் வடக்கே மோசே என்னும் குடியிருப்பை அமைத்தனர். அதன் தலைவர் பிரான்சிஸ்கோ மெனேண்டஸ், முன்னாள் அடிமை. அம்மக்களின் திருமுழுக்கும் திருமணமும் இவ்வேடுகளில் உள்ளன. ஓரிடத்தில் அடிமைத்தனத்தின் மேல் தெளிக்கப்பட்ட நீர், இன்னோரிடத்தில் விடுதலைக்கு வாயிலாகவும் அமைந்தது. எந்த ஒன்றை மட்டும் எடுத்துக் கூறினாலும் பாதிக் கதையே ஆகும். மன்னரின் நோக்கம் எதிரி நாட்டின் தோட்டங்களைக் குலைப்பது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இடையே ஒரு முன்னோடியைக் குறிப்பிடாது செல்லலாகாது. க்வெண்டலின் மிட்லோ ஹால் என்னும் அம்மையார் 1984இல் லூயிசியானாவின் சிற்றூர் நீதிமன்றம் ஒன்றில் பழைய பத்திரங்களைக் கண்டெடுத்தார். பின்னர் பல ஆண்டுகள் உழைத்து ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட அடிமைகளின் விவரங்களைத் தொகுத்து 2000இல் குறுந்தகடாக்கினார். அவருடைய தளத்தில் ஒரு வரி என்பது ஒரு மனிதர். அந்த ஒரு முடிவே அவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. 2022இல் அவர் மறைந்தார்.

மூன்றாவதாக நாம் எடுத்துக்கொள்வது அளவில் மிகச் சிறியது. நமக்கு மிக அருகில் சுடுவது. வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1789இல் தோன்றியது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதல் கத்தோலிக்கக் கல்லூரி. அதை நடத்திய மேரிலாந்து இயேசு சபையினர்க்குத் தோட்டங்கள் இருந்தன. தோட்டங்களில் அடிமைகள் இருந்தனர். 1838இல் மாநிலத் தலைவர் தாமஸ் மலடி 272 பேரை 1,15,000 டாலருக்கு லூயிசியானாத் தோட்டக்காரர்க்கு விற்றார். உரோமையிலிருந்த சபைத் தலைவர் ரூட்டான், குடும்பங்களைப் பிரிக்கலாகாது, மறைக் கடமைகளுக்கு வழி செய்ய வேண்டும், பணத்தைக் கடன் தீர்க்கப் பயன்படுத்தலாகாது என நிபந்தனைகள் விதித்திருந்தார். முதல் தவணையிலேயே 17,000 டாலர் கல்லூரிக் கடனுக்குச் சென்றது. குடும்பங்களும் பிரிந்தன. 1839 டிசம்பரில் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வணிகத்தைக் கண்டித்துத் திருமடல் வெளியிட்டார். விற்பனை முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இச்செய்தி மறைக்கப்பட்டிருந்ததா என்றால், இல்லை. வரலாற்றறிஞர் சிலர் அறிந்தே இருந்தனர். ஆவணங்கள் சபையின் காப்பகத்தில் ஒழுங்காகவே இருந்தன. 2016இல் பல்கலைக்கழகம் அவற்றைப் படமெடுத்து, எழுத்துப்பெயர்த்து, இணையக் காப்பகமாக எல்லோர்க்கும் திறந்தது. அதே காலத்தில், பழைய மாணவர் ஒருவர் தொடங்கிய தனி முயற்சி விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்களைத் தேடத் தொடங்கியது. அறிஞரின் அடிக்குறிப்பில் உறங்கியதற்கும் ஒரு பாட்டி தன் கைப்பேசியில் தன் முப்பாட்டனின் பெயரைப் படிப்பதற்கும் இடையே உள்ள தொலைவைக் கணினி கடந்தது. 2017 ஏப்ரலில் இயேசு சபையினர் வழித்தோன்றல்களின் முன்னிலையில் மன்னிப்பு வேண்டினர். மலடியின் பெயர் தாங்கிய கட்டடம் ஐசக் ஹாக்கின்ஸ் பெயரைப் பெற்றது.

எவ்வாறு தேடினர் என்பதைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது. 1850, 1860 ஆண்டுகளின் அமெரிக்கக் குடிக்கணக்கில் அடிமைகளுக்குப் பெயர் இல்லை. உரிமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டுமே. 1870இல்தான் விடுதலை பெற்றோர் பெயரோடு எழுதப்பட்டனர். ஆக, 1838இன் விற்பனைப் பட்டியலுக்கும் 1870க்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டு இருள். அதைக் கடக்கப் பாலமானவை வேறு சில ஏடுகள். ஒன்று, கப்பல் பட்டியல். புதிதாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோர் அல்லர் என்பதை மெய்ப்பிக்க, கடலோரமாக ஏற்றிச் செல்லப்படும் அடிமைகளின் பெயர், வயது, உயரம், நிறம் ஆகியவற்றை எழுதித் தர வேண்டும் என்று 1807ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 1838 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸ் சேர்ந்த கேத்தரின் ஜாக்சன் என்னும் கப்பலின் பட்டியல் அவ்வாறு எஞ்சியது. மற்றொன்று, லூயிசியானா ஆலயங்களின் திருமுழுக்கு, திருமண ஏடுகள். விற்கப்பட்டோர் கத்தோலிக்கராகவே நீடித்தனர் என்பதால்தான் அவர்தம் சுவடு அகப்பட்டது. தங்களை விற்றவர்களின் மறையை அவர்கள் விடவில்லை. பதின்மூன்று வயதளவில் விற்கப்பட்ட கொர்னேலியுஸ் ஹாக்கின்ஸ் என்பாரின் கல்லறை மாரிங்குயின் என்னும் சிற்றூரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் கண்டறியப்பட்டது. அவர்களோ ஆலயம் இன்றித் தவித்தவர்கள். 1848இல் வான் டி வெல்டே என்னும் இயேசு சபைக் குருவானவர் அம்மக்களின் நிலையைக் கண்டு, மலடிக்குக் கடிதம் எழுதி, அவர்களுக்குச் சிற்றாலயம் எழுப்ப உதவி கேட்டார். அக்கடிதமும் இணையக் காப்பகத்தில் இருக்கிறது.

இத்தகைய தளங்களில் தேடுவோர்க்கு ஓர் இடையூறு உண்டு. ஒரே மனிதரை நான்கு எழுத்தர் நான்கு விதமாக எழுதியிருப்பர். குடும்பப் பெயரும் ஏடுக்கு ஏடு மாறும். தேடற்பெட்டி ஒன்றுமில்லை என்று கூறினால், அவ்வெழுத்துக்கூட்டில் ஒன்றுமில்லை என்பதே பொருள். அப்படி ஒருவர் இருந்ததில்லை என்று பொருள் கொள்வோர் அநேகர். இருவரை ஒருவராகப் பொருத்திவிடுவதோ அதனினும் தீங்கானது. தவறான முன்னோரை ஒரு குடும்பத்திற்குச் சூட்டிவிடும்.

இவையெல்லாம் அமெரிக்கரின் கதை என்று ஒதுங்குவோர்க்கு ஒரு சொல். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, நாகப்பட்டினம் துறையிலிருந்து டச்சுக் கும்பினியார் ஆயிரக்கணக்கானோரை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றினர். அவர்களையும் கும்பினிக் கணக்கர் எண்ணியே எழுதினர்.

மூன்றினுள் எதை முதலில் திறந்து பார்க்கலாம் என்று வாசகர் கேட்பாராயின், ஜார்ஜ்டவுன் காப்பகத்தின் 1838 விற்பனை ஒப்பந்தத்தையே நாம் சுட்டுவோம். அதுவும் எழுத்துப்பெயர்ப்பை விடுத்து, மூலத்தின் படத்தை. பட்டியலின் முதற்பெயர் ஐசக், வயது 65. அடுத்து அவர் மூத்த மகன் சார்லஸ், 40. பிறகு அவர் மகள் நெல்லி, 38. அதன்பின் சிறுமியர் வருகின்றனர். விலை பேசும் பத்திரத்தில் எழுத்தருக்கு 'அவர் மகன்', 'அவர் மகள்' என்று எழுதாமல் இருக்க முடியவில்லை. இதே பட்டியலைப் பெயர், வயது, பால் என்று மூன்று கட்டங்களில் பிரித்தால் அவ்விரு சொற்களும் விழுந்துவிடும். உறவுக்கென நான்காவது கட்டம் ஒன்றை வரைந்தவர் எவரோ, அவர் தொகுத்த தளத்தையே நாம் நம்பிப் பயன்படுத்துவோம்.